ஏரிப்பக்கத்து ஜன்னலுக்கு ஆன செலவு

ஜன்னல் மாற்ற இவ்வளவு ஆகும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். ஜன்னல் என்பது என்ன, சுவரில் ஒரு ஓட்டை. புதிதாக ஓட்டை போடக் காசு கேட்டால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற ஓட்டைக்கு எதற்குக் காசு? குரோம்பேட்டையிலிருந்து வந்த ஜன்னல் கடைக்காரர் தன் போனைத் திருப்பித் தொகையைக் காட்டியபோது, கடைசியில் ஒரு பூஜ்யம் தவறுதலாகக் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் நிதானமாகத் திரையைச் சட்டையில் துடைத்து மறுபடியும் காட்டினார். பூஜ்யம் அங்கேயேதான் இருந்தது.

அந்தத் தொகைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டுமானால், என் மாமியாரின் கண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் வீடு என்பதெல்லாம் பேச்சுக்கு; அது அத்தையின் வீடு. அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து சம்பாதித்ததும், மாமனார் கொண்டுவந்ததும் சேர்ந்து எழுப்பிய வீடு. மாமனார் போய் வெகுகாலமாகிவிட்டது. இப்போது அத்தை, என் கணவர், நான், மூன்று பேர்தான்.

அத்தைக்குக் கண்ணில் பிரஷர். வயசானால் வருகிற மங்கல் என்று நாங்கள் எல்லோரும் அலட்சியமாக இருந்த காலத்தில் அது உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து விட்டு இழுத்துப் பிடிக்கலாம், அதுவும் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரே இருப்பது தெரியும். பக்கத்தில், கீழே, மேலே எதுவும் தெரியாது.

"வளையல் வழியாப் பாக்கற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார் அத்தை.

டாக்டர் எழுதிக்கொண்டே, "அந்த வளையலும் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகலாம்மா" என்றார்.

 ஆட்டோவில் திரும்பி வரும்போது, பெருங்களத்தூர் சிக்னலில் அத்தை கையிலிருந்த வளையலைக் கழற்றி, கண்ணுக்கு முன்னால் பிடித்து எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காதது போலத் திரும்பப் போட்டுக்கொண்டார். 

அவருக்குத் தன் கையால் காபி கலந்து குடித்தால்தான் பொழுது விடியும். நான் போட்டுக் கொடுத்தாலும் குடிப்பார். ஆனால் குடிக்கும்போது முகத்தில் ஒரு தியாகம் தெரியும். ஒருநாள் காலை, டிக்காஷன் இறக்குவதற்காக அடுப்படிக்குப் போகிற வழியில் ஹாலில் யாரோ விட்டுவைத்த ஸ்டூலில் இடித்துக் குப்புற விழுந்தார். நல்ல வேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கால் மட்டும் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. என் கணவர் வெலவெலத்துப் போனார்.

"இனிமே நீ கிச்சன் பக்கமே போக வேணாம்மா. ஒரு எடத்துல உக்காரு. எல்லாம் கைக்கு வரும்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அத்தை சொன்னபடி செய்தே பழிவாங்குகிற ரகம். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தண்ணீர் வேண்டுமென்றால்கூட எழுந்திருக்காமல், யாராவது வருகிறவரை காத்திருந்தார். டிவி ஓடினால் பார்ப்பதில்லை, நிறுத்தினால் கேட்பதில்லை. எந்நேரமும் வீட்டை ஆட்டி வைத்துக்கொண்டிருந்த மனுஷி அப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, கண் போவதற்கு முன்னால் ஆள் போய்விடுவார் போலிருக்கிறதே என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவர் தன் வீட்டில் தானாக நடக்க வேண்டும். எனக்கு அதற்கு மேல் வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் இதைச் சொன்னேன். "வீட்ல வெளிச்சம் எப்படி?" என்று கேட்டார். வெளிச்சமா? எங்கள் ஹாலில் பட்டப்பகலில் பேப்பர் படிக்க லைட் போட வேண்டும். "பகல் வெளிச்சம் நல்லா இருந்தா அவங்களே நடந்துப்பாங்க" என்றார். என் கணவர் அன்றைக்கே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரிய பெரிய எல்இடி பல்புகளாக வாங்கி வந்து மாட்டினார். ஹால் நகைக்கடை மாதிரி ஜொலித்தது. அத்தை முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு, "கூசுதுடா, அணைச்சுத் தொலை" என்றார். பல்புகள் திரும்ப அட்டைப் பெட்டிக்குள் போயின. அப்போதுதான் நாங்கள் முதல்முறையாக ஜன்னல்களை நிமிர்ந்து பார்த்தோம்.

அழகான ஜன்னல்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரச்சட்டம், மரக்கதவு, அதில் வெளியே இருப்பவர் உள்ளே பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட புள்ளிக் கண்ணாடி. மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு சாத்தாது. வெயில் காலத்தில் காய்ந்துபோய்த் திறந்தால் திரும்ப நிலைக்குள் வராது. அதன் மேல் வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை. அந்த வலையில் ஜிஎஸ்டி ரோட்டுத் தூசியெல்லாம் வந்து தங்கி, அது துணியா சுவரா என்று தெரியாத நிலைக்கு வந்திருந்தது.

இதெல்லாம் போதாதென்று ஐந்தரை மணிச் சட்டம். சாயங்காலம் ஐந்தரை அடித்தால் எங்கள் வீட்டில் எல்லா ஜன்னலும், மாடிப்படிக் கதவும் சாத்தப்பட வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், புழுக்கம் தாங்காமல் ஏரிப்பக்கத்து ஜன்னலை ஆறு மணிக்குத் திறந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டேன். என்னைத் தள்ளிக்கொண்டு போய்ப் படாரென்று சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அதற்கு அப்புறம்தான் மூச்சு விட்டார்.

காரணத்தைப் பிறகு என் கணவர் சொன்னார். இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மழைக்காலத்தில், சின்னப் பையனாக இருந்த அவருக்கு மலேரியா வந்திருக்கிறது. சுற்றிலும் வீடுகளே இல்லாத காலம். கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தியும் கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கமாம். பிழைப்பானா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பிய அத்தை, அன்றைக்குச் சாத்திய ஜன்னல் அது. அதைக் கேட்ட பிறகு நான் ஒருநாளும் திறக்கவில்லை. பகலில் அத்தையே கொஞ்சம் திறப்பார், மதியம் தூங்கி எழுந்ததும் ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்துவிடுவார். நானும் என் கணவரும் வேலையிலிருந்து வீடு சேர்வது எப்படியும் இருட்டிய பிறகுதான். ஏரி என்றால் எங்களுக்குக் கொசு. மழை பெய்தால் வெள்ளப் பயம். கோடையில் ஒரு நாற்றம். ஏரிக்கரையில் குடியிருக்கிறோம் என்று ஆபீசில் சொன்னால் "ஆஹா" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

ஜன்னல் கடைக்காரர் வந்த அன்று, சிவப்புப் புள்ளி அடிக்கிற ஒரு கருவியை வைத்து ஒவ்வொரு ஜன்னலையும் அளந்தார். வாய் ஓயாத மனிதர். ஹாலின் பெரிய ஜன்னலை விரலால் சுண்டினார். சட்டத்தின் அடிப்பகுதி மாவு போல உதிர்ந்தது.

"மேடம், இது நிக்குது பாருங்க, அதே பெரிய விஷயம். உள்ள கறையான் குடும்பம் நடத்திகினு கீது."

அதற்கப்புறம்தான் போனைத் திருப்பித் தொகையைக் காட்டினார். இரண்டே கால் லட்சம். 

"தங்கத்துலயா செய்றீங்க?" என்றேன்.

"சதுர அடிக் கணக்கு மேடம். ஃப்ரேம் கீது, கண்ணாடி கீது, கொசு மெஷ் கீது. பழசைப் பேத்தா சொவுரு சும்மா வுடுமா? பூச்சு வேலை கீது, பெயிண்ட் கீது, ரப்பிஷ் அள்ளிப் போடணும். இன்னா மேடம், ஜன்னல்னா ஜன்னல் மட்டுமா?"

"மெஷ் சாதாரணமா போட்டா எவ்வளவு கொறையும்?"

அதுவரை சோபாவில் சிலையாக இருந்த அத்தை வாயைத் திறந்தார். "மெஷ் ஒசத்தியானது போடணும். மெஷ் இல்லேன்னா எனக்கு ஜன்னலே வேணாம்."

"அப்படி சொல்லுங்கம்மா" என்று கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குக் கொடுத்த மோர் டம்ளரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றிருந்தது.

எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று சேர்த்து வைத்திருந்தோம். மழை நாளில் ஸ்கூட்டரில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடந்து வீடு வந்து சேர்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் காரை நான் மனதுக்குள் ஓட்டியிருக்கிறேன். அன்றிரவு சாப்பாட்டின்போது அத்தை, "எனக்காகன்னா ஒண்ணும் செய்ய வேணாம். நான் எத்தன நாளைக்குப் பாக்கப் போறேன்? குருடிக்கு எதுக்கு ரெண்டு லட்சத்துக்கு ஜன்னல்?" என்றார்.

 எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் எல்லாம் கோபம்தான் வரும்.

"உங்களுக்காக இல்ல அத்தை. தினம் அந்தத் தியாக மூஞ்சியப் பாத்துகிட்டு என்னால காபி போட முடியாது. எந்திரிச்சு நீங்களே போட்டுக்குங்க. அதுக்குத்தான் ஜன்னல்."

 அத்தை தட்டை என் பக்கம் நகர்த்தி, "ரசம் ஊத்து" என்றார். அது சம்மதம் என்று எனக்குத் தெரியும். காரும் அந்த ரசத்தோடு கரைந்தது.

மார்கழி வந்துவிட்டது. மார்கழியில் வீட்டில் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க அத்தை விட மாட்டார். பொங்கல் கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள், ராகு காலம் பிறப்பதற்கு முன்னால் வேலை ஆரம்பித்துவிட வேண்டும் என்று காலண்டரை என்னைப் படிக்கச் சொல்லி முடிவு செய்தார். இதில் ஒரு சிக்கல் இருப்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை இருக்கிற அத்தனை வீட்டிலும் அதே காலண்டர்தான் தொங்குகிறது. மார்கழி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த எல்லோரும் அதே வெள்ளிக்கிழமையை, அதே ஒன்பதே கால் மணியைக் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரரும் எல்லோருக்கும் சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

அன்று காலை அவரும் இரண்டு ஆட்களும் கடப்பாறை, சுத்தியலோடு சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். புது ஜன்னல்கள் வரவில்லை.

"வண்டி ஒண்ணுதான் மேடம் கீது. எல்லாருக்கும் நல்ல நேரம் வேணும்னா நான் இன்னா பண்ணுவேன்? ஒரு கதவை மட்டும் இப்பக் கழட்டிடலாம், கணக்குக்கு ஆரம்பிச்சா மாதிரி ஆயிடும். மீதிய வண்டி வந்தப்புறம் பாத்துக்கலாம்."

புத்தியுள்ள யோசனை. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அரைகுறையா ஆரம்பிச்சா அரைகுறையாத்தான் நிக்கும். ஹால் ஜன்னலை முழுசா எடுங்க. மணி ஆகுது பாருங்க."

எடுத்தார்கள். ஏரிப்பக்கத்துப் பெரிய ஜன்னல், கம்பி, சட்டம், கண்ணாடி, வலை எல்லாமாகச் சேர்ந்து பத்து மணிக்குள் வெளியே வந்து விழுந்தது. கடைக்காரர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வண்டியோடு மதியத்துக்குள் வருவதாகச் சொல்லி அடுத்த வீட்டின் நல்ல நேரத்துக்கு ஓடினார்.

மதியம் போன் செய்தேன். "வந்துகினே கீது மேடம்." மூன்று மணிக்கு, "சேலையூர்ல மாட்டிகிச்சு மேடம்." நான்கு மணிக்கு அவர் போனை எடுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த என் கணவர், இது நாளைக்குத்தான் என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் ஹால் சுவரில் ஒரு ஆள் படுத்துக்கொள்கிற அகலத்துக்கு ஓட்டை.

நான் கத்தத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அந்த நேரத்துக்கு வெயில் மேற்கே சாய்ந்து, அந்த ஓட்டை வழியாக நேரே உள்ளே வந்தது. ஏரித் தண்ணீரில் பட்டு வந்த வெளிச்சம் உத்தரத்தில் அசைந்தது. தரையில் வாசல்வரை வெயில். எங்கள் மொசைக் தரையில் பச்சைக் கல்லும் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடம் தினமும் துடைத்த தரை. நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அத்தை சோபாவிலிருந்து எழுந்தார். யாரையும் கூப்பிடவில்லை, சுவரைத் தடவவில்லை. வெயில் விழுந்த தரையில் நேராக நடந்து, வழியிலிருந்த சுத்தியலைக் குனிந்து பார்த்து, அதைத் தாண்டி அடுப்படிக்குள் போனார். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பால் பொங்குகிற சத்தம். என் கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று டம்ளரில் காபி வந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். நான் சொல்வேனா?

காபியைக் குடித்து முடித்ததும் அத்தைக்குத் திடீரென்று உறைத்தது.

"மணி என்னடி?"

"அஞ்சு அஞ்சு."

"ஐயையோ. அதை மூடுங்கடா!"

அதன்பிறகு நடந்தது ஒரு யுத்தம். இருந்த போர்வைகளையெல்லாம் எடுத்து வந்தேன். என் கணவர் அந்த ஸ்டூலின் மேலேயே ஏறி நின்று, போர்வையைச் சுவரோடு வைத்து ஆணி அடித்தார். அந்தக் காலத்துப் பூச்சு. ஆணி வளைந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. அத்தை இரண்டு கொசுவர்த்தியை ஒரே நேரத்தில் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு, கொசு பேட் எங்கே என்று கேட்டார். சாம்பிராணி போடு என்றார். வண்டிக்காரனை, கடைக்காரனை, கடைசியில் காலண்டர் அச்சடித்தவனைக்கூடத் திட்டினார். தன்னை மட்டும் விட்டுவிட்டார்.

ஐந்தரைக்கு மேல் ஆகியிருக்கும். நான் கீழே நின்று போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கு மேல், எதிர்க்கரைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கோடு தாழப் பறந்து வந்தது. கொக்குகள். தண்ணீருக்கு நடுவே நிற்கிற கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தன. சரி, கொக்கு என்று நினைத்தேன். அதற்குப் பின்னால் இன்னொரு கோடு. வண்டலூர்ப் பக்கமிருந்து ஒன்று. வலது பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு கூட்டம், நீர்க்காகங்கள். பிறகு பெயர் தெரியாத, நீளமாக வளைந்த மூக்கோடு ஒரு கூட்டம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நாலா பக்கமிருந்தும் வந்துகொண்டே இருந்தன.

"ஏங்க" என்றேன்.

ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. என் கணவர் ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார். போர்வை அவர் கையிலிருந்து நழுவி என் தலைமேல் விழுந்தது. அதை விலக்கிவிட்டுப் பார்த்தால் வானத்தில் இடமே இல்லை. சில கூட்டங்கள் எங்கள் மொட்டை மாடியை உரசுகிற மாதிரி பின்னாலிருந்து வந்து தலைக்கு மேலே கடந்தன. அவற்றின் இறக்கைச் சத்தம், அடுத்தடுத்துப் புடவை உதறுவது போல, ஹாலுக்குள் கேட்டது. கருவேல மரங்கள் பச்சையிலிருந்து வெள்ளையாக மாறின. உட்கார இடம் பிடிக்க அவை போட்ட சண்டையும் கூச்சலும் தாம்பரத்திலிருந்து வந்த ரயிலின் ஹாரனையே அமுக்கிவிட்டன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கோவிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இது டெய்லி நடக்குதா?" என்றார் என் கணவர். சின்னப் பையன் குரலில் கேட்டார்.

தினமும்தான் நடந்திருக்க வேண்டும். நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், சுவருக்கு அந்தப் பக்கம் இது நடந்திருக்கிறது. கூச்சல் காதில் விழுந்திருந்தாலும் காக்கை என்று விட்டிருப்போம். சாயங்காலத்தில் மாடிக்கு ஒருமுறை ஏறியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். ஏறவில்லையே.

"என்ன, என்ன சத்தம்டி?" அத்தை கொசுவர்த்தியோடு நின்றுகொண்டிருந்தார். நான் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்து ஓட்டைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"வானத்தப் பாருங்க அத்தை. பூரா பறவை."

அவர் பார்த்தார். "எங்க? ஒண்ணும் இல்லையே. வெறும் வானம்தான் தெரியுது."

 அவருக்கு இருக்கிற அந்தச் சின்ன வட்டத்துக்குள் எதுவும் விழவில்லை. இவ்வளவு இருந்தும். அவர் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினேன். "இங்க... இதோ இங்க..."

"இரு, இரு. கைய எடு."

ஒன்று அகப்பட்டுவிட்டது. அவர் தலை மெதுவாக, மிக மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பியது. பிறகு தோளும் திரும்பியது. ஒரே ஒரு கொக்கைப் பிடித்துக்கொண்டு, அதைத் தவறவிடாமல், அது ஏரியைத் தாண்டி, வட்டமடித்து, மரத்துக்கு இறங்குகிறவரை கூடவே போனார்.

"உக்காந்துடுச்சு" என்றார், மூச்சை விட்டுக்கொண்டு. "உக்காரும்போது காலை முன்னால நீட்டுது பாத்தியா? நம்ம மாடிப்படில கடைசிப் படிக்குக் கால் துழாவுற மாதிரி."

நான் பார்க்கவில்லை. நான் ஆயிரக்கணக்கில் பார்த்தேன், அவற்றில் ஒன்றுகூட உட்காருவதைப் பார்க்கவில்லை. அவர் திரும்பவும் வானத்துக்குப் போய், அடுத்ததைத் தேடிப் பிடித்தார். அதனோடு போனார். அது உட்கார்ந்தது. மறுபடியும் போனார். இருட்டுகிறவரை அத்தை ஒவ்வொரு பறவையாக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்.

கொசு வந்தது. வராமல் இருக்குமா? அன்று ராத்திரி மூன்று பேரும் கொசுவர்த்திப் புகையில் இருமிக்கொண்டு தூங்காமல் கிடந்தோம். அத்தை தன் மகனுக்கு இரண்டு போர்வை போர்த்தினார்.

மறுநாள் புது ஜன்னல்கள் வந்து, ஒரு வாரத்தில் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. கொட்டேஷனில் சொன்னதற்கு மேலேயே ஆனது. சுவர் உதிர்ந்ததற்கு ஒரு தொகை, நிலை கோணலாக இருந்ததற்கு ஒரு தொகை. நான் சண்டை போட்டுக் கொஞ்சம் குறைத்தேன். ஏரிப்பக்கத்து ஜன்னலுக்கான பணத்தை அத்தை தன் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "அது என் ஜன்னல். அதுக்கு நீங்க குடுக்கக் கூடாது." தெளிந்த கண்ணாடி, புள்ளிக் கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம். காலையில் ஹால் தானாக விடிகிறது. அத்தை தானாக நடக்கிறார். காபி மறுபடியும் அவர் வசம் போய்விட்டது.

ஆனால் மெஷ்ஷில் ஒரு பிரச்சினை இருந்தது. அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய ஒசத்தியான மெஷ். எங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அவர் கண்ணுக்கு மட்டும் அந்த வலைதான் முன்னால் வந்து நிற்கிறது, பறவை பின்னால் கரைந்துவிடுகிறது. சில நாள் சாயங்காலம் மூக்கு வலையில் படுகிற அளவுக்குப் போய் நின்று பார்த்தார். ஒன்றும் அகப்படாமல் வந்து உட்கார்ந்துகொள்வார். கேட்டால் "இன்னிக்குப் பறவை கம்மி" என்பார். வெளியே வானம் நிறைந்திருக்கும்.

பிறகு ஒருநாள், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவரே போய் மெஷ்ஷைத் தள்ளித் திறந்தார். கொசுவுக்குப் பயந்து இந்த வீட்டையே இத்தனை காலம் இருட்டில் வைத்திருந்த மனுஷி. அந்த மெஷ்ஷுக்கு நாங்கள் கொடுத்த காசு எனக்கு ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. 

என் கணவர் இப்போதெல்லாம் முன்னால் வருகிற ரயிலைப் பிடித்து வந்துவிடுகிறார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நேற்றும் அப்படித்தான். வட்டம் இன்னும் சுருங்கியிருக்கிறது போல. ஒன்றைப் பிடிக்கவே அத்தைக்கு வெகுநேரம் ஆனது. பிடித்ததும் முகம் மாறியது. கழுத்து மெல்ல மெல்லத் திரும்ப, அதைக் கண்ணிலிருந்து விடாமல் கேட்டார்:

"டேய், கடிக்குதாடா?"

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல. நீ பாரு."

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் கணவரின் இரண்டு கையிலும் தோளிலும் கொசு மொய்த்துக்கொண்டிருந்தது. அடித்தால் அம்மாவுக்குச் சத்தம் கேட்கும் என்று அவர் அடிக்கவில்லை.